சாவு வீட்டுத் தண்ணி

களத்துமேட்டுத் தெருவில் கடிகாரம் பார்த்து யாரும் எழுந்திருப்பதில்லை. அனுசுயா வால்வுக் குழியின் மூடியை நகர்த்துகிற சத்தம் கேட்டுத்தான் எழுந்திருப்பார்கள். அந்தக் கரகரப்பு எந்த முனையிலிருந்து வருகிறது என்று படுத்தபடியே காது கொடுத்துக் கேட்டு, இன்றைக்கு மேட்டுப் பக்கத்து முறையா பள்ளத்துப் பக்கத்து முறையா என்று தெரிந்துகொள்வார்கள். தன் முறை இல்லை என்றால் இன்னொரு தூக்கம் போடலாம். தன் முறை என்றால் குடம், வாளி, அண்டா, குக்கர் வரைக்கும் குழாயடிக்கு வந்துவிடும்.

நசரத்பேட்டையில் பெங்களூர் நெடுஞ்சாலையை விட்டு உள்ளே திரும்பி, மார்பிள் குடோன்களையும் லாரி ஷெட்டுகளையும் தாண்டினால் இந்தத் தெரு வரும். முன்பு நெல்லடித்த களம். யாருடைய நெல்லையோ அடித்துக் கொடுத்தவர்களின் பிள்ளைகள் இப்போது யாருடைய கம்பெனிக்கோ ஷிப்டு போகிறார்கள். வயல் மனையாயிற்று, மனை வீடாயிற்று, தண்ணீர் மட்டும் வந்தபாடில்லை. ஓட்டுக் கேட்டு வந்தவர்கள் எல்லாரும் குழாய் போட்டுத் தருவதாகச் சொன்னார்கள். சொல்லிவிட்டுச் சுவரில் பெயிண்ட் அடித்துவிட்டுப் போனார்கள். கடைசியில் தெருவே கூடிக் களத்து நடுவில் போர் போட்டு, நாலு தூண் மேல் ஒரு டேங்கையும் ஏற்றி, சங்கம் வைத்துக்கொண்டது. சங்கத்துக்குத் தலைவர் பச்சையப்பன். சாவி அனுசுயா கையில்.

சாவி என்றால் முந்தானையில் முடிகிற சாவி இல்லை. இடுப்பு உயரத்துக்கு ஓர் இரும்புக் கம்பி, மேலே குறுக்கே பிடி, அடியில் வால்வைக் கவ்வுகிற வாய். அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவள் தெருவில் நடந்தால், கோயில் திருவிழாவில் சூலம் தூக்கி வருகிறவளுக்குக் கிடைக்கிற மரியாதை கிடைக்கும். அவளுக்கும் அது பிடித்திருந்தது. பிடிக்கவில்லை என்று சொன்னால் பொய்.

அவள் கைக்கு அது வந்த கதை சந்தோஷமானது இல்லை. அவளுடைய மாமியார் வேம்புலியம்மாள் செத்துப்போன அன்றைக்குத் தெருவில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. நல்ல கோடை. பிணத்தை நடுவீட்டில் கிடத்திவிட்டு அனுசுயா இரண்டு குடத்தைத் தூக்கிக்கொண்டு பக்கத்துத் தெருவுக்குப் போனாள். ஒவ்வொரு வாசலிலும் நின்று, "எங்க அத்த பூட்டாங்க, குளிப்பாட்டத் தண்ணி ஓணும்" என்று சொன்னாள். ஒருத்தி, எங்களுக்கே இல்லை என்றாள். ஒருத்தி, உங்கள் தெருவில் கேட்பதுதானே என்றாள். ஒருத்தி முகத்தைப் பார்த்து, காலையில் சாவுச் சேதியோடு வாசலில் வந்து நிற்கிறாயே என்று கதவைச் சாத்தினாள். கடைசியில் மார்பிள் குடோனில் கல் அறுக்கிற தண்ணீரிலிருந்து ஒரு குடம் விட்டார்கள். வெள்ளை வெளேரென்று மாவு கரைத்தது போலிருந்த அந்தத் தண்ணீரைத் துணியில் வடிகட்டித்தான் வேம்புலியம்மாளைக் குளிப்பாட்டினார்கள். அழக்கூட முடியாமல் வெட்கத்தில் நின்றாள் அனுசுயா. பசியோடு கை நீட்டினால் கூட அவ்வளவு கேவலமாக இருந்திருக்காது என்று பின்னால் பலமுறை சொல்லியிருக்கிறாள்.

கருமாதி முடிந்த கையோடு தெரு கூடியது. போர் போடுவது என்று முடிவானது அப்போதுதான். டேங்கில் முதல் தண்ணீர் ஏறிய நாளில், அனுசுயா எதுவும் கேட்காமலே பச்சையப்பன் எழுந்து நின்று ஒரு வழக்கத்தைச் சொன்னார். சாவு விழுந்த வீட்டுக்கு முறை பார்க்காமல் தண்ணீர் விட வேண்டும். மற்ற வால்வெல்லாம் அடைத்துவிட வேண்டும். முக்கியமாக, அந்த வீட்டார் வந்து கேட்கக் கூடாது. கேட்கும்படி வைக்கக் கூடாது. அவர்கள் மாரடித்து அழுதுகொண்டிருக்கும்போதே குழாயில் தண்ணீர் வந்துவிட வேண்டும். சொல்லிவிட்டுச் சாவியை அனுசுயா கையில் கொடுத்தார். அதற்குப் பிறகு தெருவில் எத்தனையோ சாவு நடந்தது. ஒரு வீட்டாரும் கேட்டதில்லை. முறையில்லாத நேரத்தில் குழாய் சீறுகிற சத்தம் கேட்டால், யாரோ போய்விட்டார்கள் என்று தெரு தெரிந்துகொள்ளும்.

தெருக்கோடியில் ஒரு ப்ளாட் இருந்தது. மூன்று மாடி, லிப்ட் கிடையாது, வாசலில் ஒரு வாட்ச்மேன். கட்டும்போது பில்டர் சங்கத்தில் சேர்ந்து இணைப்பு வாங்கினார். குடிவந்தவர்கள் தங்களுக்கென்று சொந்த போர் இருக்கிறது, சங்கம் எதற்கு என்று விலகிக்கொண்டார்கள். பச்சையப்பனுக்கு அதில் மனத்தாங்கல். அனுசுயாவை விட்டு அந்த வால்வை இறுக்க அடைக்கச் சொன்னார். இந்தச் சித்திரையில் ப்ளாட்டின் போர் வறண்டது. லாரித் தண்ணீருக்குப் பதிவு செய்துவிட்டு, வருமா வராதா என்று பால்கனியில் நின்று ரோட்டைப் பார்க்கும்படி ஆயிற்று. மறுபடியும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று வந்து கேட்டார்கள்.

"போர் போடறப்போ ஊட்டு ஊட்டுக்கு ஆளு வந்து மண்ணு தூக்கனோம். அப்ப வந்தாங்களா இவுங்க? இப்ப தொண்டை காஞ்சதும் சங்கம் ஞாபகம் வருதா?" என்றார் பச்சையப்பன். "ஞாயித்துக்கெழம கூட்டத்துல பேசிக்கலாம். அதுவரிக்கும் காயட்டும்."

அந்த ப்ளாட்டின் மூன்றாம் மாடியில் ராகவன் என்கிற கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர் இருந்தார். நீடாமங்கலம் பக்கத்துக்காரர். மனைவி ராதிகா. அப்பா மணவாளன் பக்கவாதத்தில் படுக்கையாகக் கிடந்தார். கத்திரி வெயில் உச்சத்தில் இருந்த நாளில் அவருக்கு மூச்சுத் திணறி, ஆம்புலன்ஸ் வந்து எடுத்துப்போனது. மறுநாளே திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். திரும்பக் கொண்டுவந்தார்கள் என்றால் அதற்குத் தெருவில் ஒரே அர்த்தம்தான். டாக்டர் கைவிரித்துவிட்டார், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள்.

அதற்கு அடுத்த நாள் காலை. அனுசுயா மேட்டுப் பக்கத்துக்கு வால்வைத் திறந்துவிட்டு நிமிர்ந்தபோது, ஒரு குட்டியானை வண்டி அவளைத் தாண்டிப் போய் ப்ளாட் வாசலில் நின்றது. பின்னால் பிணம் வைக்கிற ஐஸ் பெட்டி. டிரைவரும் இன்னொருவனும் இறங்கி, கண்ணாடி மூடி பளபளக்கப் பெட்டியைப் பாதி வெளியே இழுத்தார்கள்.

அனுசுயா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். காதைத் தீட்டிக் கேட்டாள். அழுகைச் சத்தம் இல்லை. அவளுக்கு அது ஆச்சரியமாக இல்லை. ப்ளாட்டு ஜனங்கள் வாய்விட்டு அழமாட்டார்கள் என்பது அவள் தீர்மானம். கதவைச் சாத்திக்கொண்டு, ஏசி ரூமில், கர்ச்சீப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுவார்கள். போய் விசாரிக்கலாமா என்று ஒரு நிமிஷம் நின்றாள். என்னவென்று விசாரிப்பது? உங்கள் வீட்டில் பெரியவர் செத்துவிட்டாரா, தண்ணீர் திறக்கட்டுமா என்றா? அப்படிக் கேட்டுத் திறப்பதற்கா இந்த வழக்கம்? சங்கத்தில் இருக்கிறார்களா இல்லையா என்கிற யோசனையும் வந்தது. பிணத்துக்குச் சங்கம் ஏது என்று தோன்றியது. மேட்டு வால்வை அடைத்தாள். ப்ளாட்டின் குழி மூடியை நகர்த்தி, துருவேறிக் கிடந்த வால்வைத் தன் உடம்பின் பாரம் முழுக்கப் போட்டுத் திருப்பினாள்.

மேட்டுப் பக்கத்தில் ரேணுகா என்று ஒருத்தி. அன்றைக்கு அவள் வேலைக்குப் போகும் முன் தலைக்குக் குளிக்க உட்கார்ந்தவள். தலை நிறைய ஷாம்பு நுரையோடு, கண்ணை மூடிக்கொண்டு, குழாயைத் தடவுகிறாள், தண்ணீர் இல்லை. புடவையைச் சுற்றிக்கொண்டு நுரை வழிய வாசலுக்கு வந்தாள்.

"யக்கா, அனுசுயாக்கா, இன்னாக்கா நின்னு போச்சி? கண்ணு எரியுது."

"ப்ளாட்டுப் பெரிவரு பூட்டாரு."

"அய்யய்யே. பாவம்." ரேணுகா வாயை மூடிக்கொண்டாள். சாவுக்கு முன்னால் ஷாம்புவைப் பற்றிப் பேச முடியாது. குடிக்க வைத்திருந்த கேன் தண்ணீரில் தலையை அலசிக்கொண்டு, துண்டைச் சுற்றிக்கொண்டு அவளும் துக்கத்துக்குக் கிளம்பினாள்.

ஆளுக்கு ஆள் சொல்லி, பச்சையப்பனுக்குச் சேதி போயிற்று. ப்ளாட்டுக்காரர்கள் மேல் அவருக்குக் கோபம்தான். ஆனாலும் சாவு என்றதும் சட்டையை மாட்டிக்கொண்டு, கரையான்சாவடிக்கு வண்டியை விட்டு ஒரு ரோஜா மாலை வாங்கிவந்தார். தெரு ஜனம் அவர் பின்னால் மூன்று மாடி ஏறியது. ஐஸ் பெட்டி வண்டி அப்போது வாசலில் இல்லை. உள்ளே ஏற்றியிருப்பார்கள் என்று யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ராதிகாதான் கதவைத் திறந்தாள். கையெல்லாம் ஈரம். முகமெல்லாம் சிரிப்பு.

"வாங்க சார். நாங்களே வந்து நன்றி சொல்லணும்னு இருந்தோம். சொல்லாம கொள்ளாம விட்டுட்டீங்களே தண்ணி. எல்லா பக்கெட்டும் ரொப்பிட்டேன். டேங்க்கும் ரொம்புது."

பச்சையப்பன் மாலையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல், முதலில் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். பின்னால் நின்ற அனுசுயாவின் முகத்தில் அது இடித்தது. உள்ளேயிருந்து குழறலாக, ஆனால் தெளிவாக ஒரு குரல் வந்தது.

"யாரும்மா வந்திருக்கறது? உள்ள வரச் சொல்லு."

கட்டிலில் மூன்று தலையணைக்கு மேல் மணவாளன் சாய்ந்திருந்தார். குளித்து, தலை வாரி, நெற்றியில் திருநீறு இட்டு, புது மாப்பிள்ளை மாதிரி. அவர் பச்சையப்பனைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார், வாசல் வரைக்கும் நின்ற கூட்டத்தைப் பார்த்தார், தலையில் துண்டோடு அழுவதற்குத் தயாராக வந்திருந்த ரேணுகாவைப் பார்த்தார். ஒரு பக்கம் கோணியிருந்த வாய் மெல்ல இன்னொரு பக்கமும் இழுத்துக்கொண்டது. சிரிக்கிறார் என்று புரியச் சற்று நேரம் பிடித்தது.

"எனக்கா? போடுங்க, போடுங்க. உசுரோட இருக்கறப்பவே மாலை வாங்குறது மந்திரிங்கதான். எனக்கும் ஒண்ணு கெடைக்கட்டும்."

வாட்ச்மேன் கீழேயிருந்து மூச்சிரைக்க ஏறிவந்து விஷயத்தைச் சொன்னான். பெட்டி கரையான்சாவடியில் ஏதோ ஒரு களத்துமேட்டுக்குப் போக வேண்டியது. போனில் வழி பார்த்து வந்த டிரைவர் பெட்டியை இறக்கிய பிறகுதான் விசாரித்தானாம். திட்டு வாங்கிக்கொண்டு அப்போதே போய்விட்டானாம்.

ராதிகாவின் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. "அப்ப இது என்ன தண்ணி?" என்று கேட்டாள். அவள் கண் பச்சையப்பன் கையிலிருந்த மாலையில் போய் நின்றது. "இவர் செத்துட்டாருன்னு விட்ட தண்ணியா? அதுலயா நான் இவரைக் குளிப்பாட்டினேன்?" கதவை அகலத் திறந்து பிடித்தாள். "தயவு செஞ்சு எல்லாரும் போயிடுங்க. தண்ணிக்குக் கெஞ்சினப்ப வரல்ல. இப்ப மாலையோட வந்திருக்கீங்க."

படியிறங்கும்போது அனுசுயா யார் முகத்தையும் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை டேங்க் நிழலில் கூட்டம் நடந்தது. ப்ளாட்டைச் சேர்ப்பதைப் பற்றிப் பேசுவதாக இருந்த கூட்டம், அனுசுயாவைப் பற்றிப் பேசுகிற கூட்டமாகிவிட்டது.

"உசுரோட கீற மனுசனுக்கு மாலை எடுத்துகினு போயி நின்னேன்," என்றார் பச்சையப்பன். "இந்தத் தெருவுல எனுக்குன்னு ஒரு மருவாதி கீது. அந்தப் பொண்ணு வெளிய போங்கறா. எங்க கொண்டுபோயி வெச்சிக்கறது மூஞ்சிய?"

"மேட்டுப் பக்கம் ரெண்டு நாளா தண்ணி இல்ல," என்றாள் ரேணுகா. "டேங்க மொத்தமும் அவுங்க ரொப்பிகினாங்க. எனுக்கு ஷாம்பு போட்ட தலை இன்னும் பிசுபிசுன்னு கீது. சங்கத்துல இல்லாத ஊட்டுக்கு யாரக் கேட்டு தொறந்த நீ?"

"சாவுன்னு நெனச்சேன்."

"நெனச்சா? போயி ஒரு வார்த்த கேக்கறதுக்கு இன்னா?"

அனுசுயா அதுவரைக்கும் தலையைக் குனிந்துகொண்டுதான் இருந்தாள். அப்போது நிமிர்ந்தாள். "கேக்கக் கூடாதுன்னுதான வெச்சது? அண்ணாத்தே, நீங்கதான சொன்னீங்க, அவுங்களா வந்து கேக்கற மாரி வெக்கக் கூடாதுன்னு. நாம போயி செத்துட்டாரான்னு கேட்டா மட்டும் அது இன்னா? ரெண்டும் ஒண்ணுதான். எங்கத்தைக்கு நான் கொடம் தூக்கிகினு நின்னத மறந்துட்டீங்களா?"

"மறக்கல," என்றார் பச்சையப்பன். குரல் கொஞ்சம் இறங்கியது. பிறகு கூட்டத்தைப் பார்த்ததும் மறுபடி ஏறியது. "அதுக்காவ உசுரோட கீறவனுக்குக் கருமாதி பண்ண முடியுமா? இனிமே சாவு விழுந்த ஊட்லேர்ந்து எனுக்கு போன் பண்ணிச் சொல்லணும். சொன்னாத்தான் வால்வு. சாவி இனிமே என்னாண்டயே இருக்கட்டும். காலைல வந்து வாங்கிக்க, தொறந்துட்டுத் திருப்பிக் குடுத்துடு."

அவள் புருஷன் டில்லிபாபு இரவு ஷிப்டு முடித்து அங்கேதான் ஓரமாக நின்றிருந்தான். கம்பியை அவள் பச்சையப்பனிடம் நீட்டியபோது அவன் வேறு பக்கம் பார்த்தான். வீட்டுக்கு வந்து நெத்திலிக் கருவாட்டுக் குழம்பைப் போட்டுக்கொண்டு சாப்பிட்டவன், பாதியில் நிறுத்தினான்.

"உடு. பாரம் கொறஞ்சிச்சின்னு வெச்சிக்க. தோள்பட்ட நோவுதுன்னு தெனம் சொல்லிகினு இருப்ப."

"தோள்பட்ட நோவுனது எனுக்கு நல்லாத்தான் இருந்துச்சி," என்றாள் அனுசுயா. எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவினாள்.

இரண்டு நாள் பொறுத்து ப்ளாட்டின் வாட்ச்மேன் வந்து, மூன்றாம் மாடிப் பெரியவர் கூப்பிடுகிறார் என்றான். திட்டத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டே போனாள். ராதிகா கதவைத் திறந்துவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டாள். அனுசுயா கட்டிலுக்குப் பக்கத்தில், நாற்காலியில் உட்காராமல் நின்றாள்.

"தப்பாப் பூடுச்சி சாமி. மன்னிச்சிக்கணும்."

"உக்காரும்மா. அண்ணாந்து பாத்தா எனக்குக் கழுத்து வலிக்குது." அவர் ஒவ்வொரு சொல்லாக, வாயில் உருட்டி உருட்டிப் பேசினார். "எதுக்கு மன்னிப்பு? லாரி வரல்லன்னு ஒரு வாரமா என்னை ஈரத்துணியால தொடைச்சிக்கிட்டுக் கிடந்தாங்க. பாவம், மருமக என்ன செய்வா. என் ஒடம்பு வாடை எனக்கே பொறுக்கல. அன்னிக்கு நாற்காலில உக்கார வச்சு, வாளி வாளியா தலையில ஊத்தினா. ஆத்துல முங்கினாப்புல இருந்துச்சு. செத்ததுக்கப்புறம் குளிப்பாட்டுறாங்களே, செத்தவனுக்குத் தெரியுமா? எனக்குத் தெரிஞ்சுது."

அனுசுயா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அழாதே. அது என்ன வழக்கம்? வாட்ச்மேன் சொன்னான். நீயே சொல்லு."

அவள் சொன்னாள். வேம்புலியம்மாள், வெள்ளைத் தண்ணீர், சாத்திய கதவு, எல்லாம். அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. ராதிகாவும் கேட்கிறாள் என்று அனுசுயாவுக்குத் தெரிந்தது.

"நல்ல வழக்கம்," என்றார் மணவாளன். பிறகு கோணல் சிரிப்போடு, "ஆனா என் பங்குத் தண்ணி தீந்துபோச்சே. உசுரோட இருக்கறப்பவே வாங்கிக்கிட்டேன். ஒரு ஆளுக்கு ஒரு தடவதானே? ராகவன்கிட்டச் சொல்லிட்டேன், நான் போனதுக்கப்புறம் அந்தத் தெருவுல தண்ணிக்குப் போயி நிக்காதேன்னு. கணக்குத் தப்பக் கூடாது பாரு."

"அப்படிச் சொல்லாதீங்க."

"வெளையாட்டுக்குத்தான்," என்றார். ஆனால் ராகவன் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை என்பது பின்னால் தெரிந்தது.

வைகாசிக் கடைசி முகூர்த்தம். பச்சையப்பனின் அக்கா பேரனுக்கு முகப்பேரில் கல்யாணம். தெருவில் பாதிப் பேர் போயிருந்தார்கள். சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போயிருந்தார் பச்சையப்பன். விடிந்ததிலிருந்து கரண்டும் இல்லை. டேங்கில் தண்ணீர் ஏறவில்லை. அவரவர் வீட்டு டிரம்மில் இருந்ததுதான் அன்றைக்கும் மறுநாளைக்கும்.

காற்றில்லாத பத்து மணி வெயிலில் ஒரு குட்டியானை வண்டி தெருவுக்குள் வந்தது. பின்னால் ஐஸ் பெட்டி. போய் ப்ளாட் வாசலில் நின்றது.

தெரு முழுக்க ஜன்னலுக்கு வந்துவிட்டது. ஆனால் ஓர் ஆள் வாசற்படி இறங்கவில்லை. அழுகைச் சத்தமும் இல்லை. ஒருமுறை சுட்டுக்கொண்டாயிற்று. மறுபடியும் உயிரோடு இருக்கிற மனிதர் முன்னால் போய் நிற்க யாருக்குத் துணிச்சல்? ரேணுகா தன் வாசலிலிருந்து அனுசுயாவைப் பார்த்தாள். அனுசுயா ரேணுகாவைப் பார்த்தாள். பேட்டரியோடு வந்த பெட்டி உள்ளே போயிற்று. வண்டி காலியாகத் திரும்பிப் போனது.

அனுசுயா டில்லிபாபுவை விட்டுப் பச்சையப்பனுக்குப் போன் போடச் சொன்னாள். அடித்து அடித்து நின்றது. கல்யாண மண்டபத்தில் மேளச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? ப்ளாட் வாசலில் ராகவன் காதில் போனோடு முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்தார். லாரிக்குத்தான் பேசுகிறார் என்று தூரத்திலிருந்தே தெரிந்தது. ஒவ்வொரு போனும் முடிந்ததும் அவர் கை தொங்கியது.

"போன் பண்ணிச் சொல்லணும்னு அண்ணாத்தே வெச்சிட்டாரு," என்றான் டில்லிபாபு. "அவுங்க சொல்லல. நாம இன்னா பண்றது?"

அப்போது ராதிகா வெளியே வந்தாள்.

தலை அவிழ்ந்து கிடந்தது. கையில் ஒரு நீல பிளாஸ்டிக் வாளி. காலி வாளி என்று அது ஆடுகிற ஆட்டத்திலேயே தெரிந்தது. ராகவன் ஏதோ சொல்லித் தடுத்தார். அவள் கையை உதறிவிட்டு வெயிலில் நடந்து வந்தாள். முதல் வீட்டைப் பார்த்தாள், தயங்கினாள், அடுத்த வீட்டைப் பார்த்தாள். எந்த வாசலில் நின்று எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. அந்த நடையை அனுசுயாவுக்குத் தெரியும். அந்த நடையை அவள் நடந்திருக்கிறாள்.

ஓடினாள். செருப்புக்கூடப் போடவில்லை. தார் ரோடு காலைச் சுட்டது. ராதிகா ரேணுகாவின் வாசலுக்கு நேராக வந்து நின்று வாயைத் திறக்கப் போனபோது, அனுசுயா அந்த வாளியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"வாயத் தொறக்காத கண்ணு. ஒண்ணும் கேக்காத. ஊட்டுக்குப் போ. போயி மாமனாரு பக்கத்துல உக்காரு."

"அக்கா, காலைல தூக்கத்துலயே..."

"தெர்தும்மா. போ."

ராதிகா அங்கேயே நடுரோட்டில் நின்று, அதுவரை அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து, ஓவென்று அழுதாள். ப்ளாட்டு ஜனங்கள் வாய்விட்டு அழமாட்டார்கள் என்ற அனுசுயாவின் தீர்மானம் அத்தோடு போயிற்று. அந்த அழுகைக்குத் தெரு கதவைத் திறந்தது. ரேணுகா உள்ளே ஓடி, டிரம் மூடியைத் தள்ளி, குடத்தை முக்கி எடுத்தாள். அது அவள் மறுநாள் சமையலுக்கு வைத்திருந்த தண்ணீர்.

"கேன் தண்ணி வேணாக்கா, இது நல்லா குளுகுளுன்னு கீது. இத்தையே எடுத்துகினு போலாம்," என்றாள்.

அனுசுயா தன் டிரம்மை அடிவரைக்கும் வழித்தாள். டில்லிபாபு இரண்டு கையிலும் வாளி தூக்கினான். பள்ளத்துப் பக்கம், மேட்டுப் பக்கம் என்று முறை பார்க்காமல் குடம் குடமாக வந்து, ப்ளாட்டின் படிக்கட்டில் ஏறியது. படியெல்லாம் சிந்தி ஈரமாயிற்று. ராகவன் சுவரோரமாக ஒதுங்கி நின்று, "அப்பா சொன்னாரு, எங்க பங்கு முடிஞ்சிடுச்சுன்னு," என்று யாரிடமென்றில்லாமல் சொன்னார்.

"பெரிவரு வெளையாடி இருப்பாரு," என்றாள் அனுசுயா. "அன்னிக்கு ஊத்திகினது அவரு குளிச்சது. இதான் சாவுக்கு எங்க தெரு விடற தண்ணி."

கடைசிக் குடங்கள் போய்க்கொண்டிருந்தபோது பச்சையப்பனின் வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. பட்டுச் சட்டை, பட்டு வேட்டி, நெற்றியில் சந்தனம். முகூர்த்தம் முடிந்து போனை எடுத்துப் பார்த்து டில்லிபாபுவிடம் சேதி கேட்டவர் பந்தியில்கூட உட்காராமல் வந்திருக்கிறார். தன் வீட்டைத் திறந்து இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு ப்ளாட்டை நோக்கி நடையும் ஓட்டமுமாக வந்தார். எதிரே அனுசுயா இரண்டு குடத்தோடு வந்தாள். ஒன்று இடுப்பில், ஒன்று கையில்.

அவர் மூச்சு வாங்க நின்றார். படிக்கட்டைப் பார்த்தார், சிந்திய தண்ணீரைப் பார்த்தார். பயந்துபோன குரலில் கேட்டார்.

"எனுக்குப் போன் கெடைக்கல. அந்தப் பொண்ணு... தெருவுல வந்து கேட்டுச்சா?"

"இல்ல அண்ணாத்தே," என்றாள் அனுசுயா. "கேக்கல."

பச்சையப்பனுக்குக் கண் நிறைந்துவிட்டது. கம்பியை அவள் பக்கம் நீட்டினார். அனுசுயா அதை வாங்கிக்கொள்ளவில்லை.

"கரண்டு இல்ல, டேங்கு காலி. இப்ப அத வெச்சிகினு இன்னா பண்றது? செவுத்துல சாத்துங்க, அப்பால எடுத்துக்கறேன்." கையிலிருந்த குடத்தை அவர் பட்டுச் சட்டையின் தோளில் ஏற்றி வைத்தாள். "பாத்துப் போங்க, படி வழுக்குது. மூணாவது மாடி."